நேரலைக்கு மாத வாடகை எதற்கு?

பாட்காஸ்ட் நடத்துபவர் தம் நிகழ்ச்சியை நேரலையாக வழங்க விரும்பினால், மாதச் சந்தா கட்டி, உலாவியிலேயே இயங்கும் நேரலைக் கூடம் ஒன்றை அமர்த்திக்கொள்வதே அறிவார்ந்த வழி என்றும், இலவச மென்பொருள்கள் கணினி விளையாட்டுக்காரர்களுக்கும் தொழில்நுட்பத்தில் ஊறியவர்களுக்கும் மட்டுமே ஒத்துவரும் என்றும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. புதிதாகத் தொடங்குவோருக்குத் தரப்படும் அறிவுரைகளில் பெரும்பாலும் இதுவே முதல் பாடமாக இடம்பெறுகிறது. இக்கருத்து தவறானது என்பதோடு, கைக்காசைப் போட்டு நிகழ்ச்சி நடத்துபவர்களுக்குத் தீங்கானதும் ஆகும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. உலாவிக் கூடத்தில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. விருந்தினருக்கு ஓர் இணைப்பை அனுப்பினால் அவர் கைப்பேசியிலிருந்தே கலந்துகொள்ளலாம். படங்களையும் குரல்களையும் ஒன்றுசேர்க்கும் பளுவான வேலை நிறுவனத்தின் சேவையகத்தில் நடப்பதால் பழைய மடிக்கணினியும் தாக்குப்பிடிக்கும். ஒரே நேரத்தில் யூடியூப், பேஸ்புக், டுவிட்ச் எனப் பல தளங்களுக்கும் நிகழ்ச்சி போய்ச் சேரும். சிக்கல் வந்தால் உதவி கேட்க ஆள் உண்டு. ஸ்ட்ரீம்யார்ட், ரீஸ்ட்ரீம், ரிவர்சைட் போன்ற சேவைகள் இவற்றுள் பலவற்றை உண்மையாகவே திறம்படச் செய்கின்றன. தவறு அந்த வசதிகளில் இல்லை. அவை ஒவ்வொரு பாட்காஸ்டருக்கும் முதல் நாளிலிருந்தே தேவை என்றும், அவற்றைப் பெற வாடகையைத் தவிர வேறு வழியில்லை என்றும் முடிவுகட்டுவதில்தான் இருக்கிறது.

நேரலை மென்பொருள் செய்யும் வேலைதான் என்ன? அது மூன்று வேலைகளைச் செய்கிறது. ஒலிவாங்கி, கேமரா, படங்கள், எழுத்துகள் ஆகியவற்றை ஒரே சட்டகத்தில் சேர்ப்பது முதல் வேலை. இது கலவை எனப்படும். அவ்வாறு சேர்ந்ததை இணையத்தில் அனுப்பத்தக்க அளவுக்குச் சுருக்குவது இரண்டாவது. இது குறியாக்கம் எனப்படும். சுருக்கியதைத் தளத்தின் வாயிலுக்கு இடையறாது அனுப்புவது மூன்றாவது. இதற்கு இன்றும் பெரிதும் பயன்படுவது, பிளாஷ் காலத்தில் மேக்ரோமீடியா உருவாக்கி, அடோபியின் கைக்குச் சென்று, 2020 டிசம்பர் 31-இல் பிளாஷ் ஓய்வு பெற்ற பின்னும் நிலைத்திருக்கும் ஆர்டிஎம்பி என்ற நெறிமுறை. 2012-இல் ஹியூ பெய்லி என்ற நிரலாளர் தொடங்கிய ஓபிஎஸ் ஸ்டூடியோ இம்மூன்றையும் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஒரு காசு பெறாமல் செய்கிறது. தொலைவில் இருக்கும் விருந்தினரை உள்ளே அழைத்து வருவது நான்காவதான, தனியான வேலை. வாடகைச் சேவைகளின் உண்மையான சரக்கு இந்த நான்காவதுதான். அதை மற்ற மூன்றோடு சேர்த்து ஒரே பொட்டலமாக விற்பதால், நான்குமே விலை கொடுத்துத்தான் கிடைக்கும் என்ற எண்ணம் பரவிவிட்டது.

1. விலை குறைவு என்கிறார்களே, எந்தக் கணக்கில்? சந்தாத் தொகை டாலரில் சொல்லப்படும்போது சிறிதாகவே தெரிகிறது. எடுத்துக்காட்டாக மாதம் 25 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 300 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்கிட்டால் 25,500 ரூபாய். வெளிநாட்டிலிருந்து பெறும் இணையவழிச் சேவைக்கு இந்தியாவில் 18 விழுக்காடு வரி உண்டு. அதையும் சேர்த்தால் 30,090 ரூபாய். அந்நியச் செலாவணி மாற்றத்துக்காக வங்கி தன் பங்குக்கு எடுத்துக்கொள்வது வேறு. தானாகக் கழியும் அட்டைக் கட்டணங்களுக்குக் கூடுதல் ஒப்புதல் வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், அதற்கு ஏற்பாடு செய்யாத வெளிநாட்டுச் சேவைகளுக்கான சந்தாக்கள் இடையில் அறுந்துபோகும் தொல்லையும் சேர்ந்துகொண்டது.

இந்த முப்பதாயிரம் எதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. பாட்காஸ்டின் உயிர் குரல். முகத்துக்கு அருகில் வைத்துப் பேசும் தரமான டைனமிக் ஒலிவாங்கி, அதைக் கணினியோடு இணைக்கும் இடைமுகக் கருவி, தாங்கி, காதை மூடும் ஹெட்போன் என எல்லாவற்றையும் தொடக்க நிலையில் இத்தொகைக்குள் வாங்கிவிடலாம். அவை பல ஆண்டு உழைக்கும். சந்தாவோ நிகழ்ச்சி நடக்காத மாதத்திலும் கழிந்துகொண்டே இருக்கும். வருமானம் இல்லாத ஒரு நிகழ்ச்சியின் முதல் ஆண்டுச் செலவை மென்பொருள் வாடகையில் கொட்டிவிட்டு, எதிரொலிக்கும் அறையில் மடிக்கணினியில் உள்ளமைந்த மைக்கில் பேசுமாறு ஒருவரை வழிநடத்துவது நல்ல அறிவுரை ஆகாது.

சந்தாச் சேவைகளின் இலவசப் படிநிலை இதற்கு மாற்று என்று சொல்லப்படுவதும் உண்டு. அந்தப் படிநிலைகள் பொதுவாகச் சேவையின் முத்திரையைப் படத்தின் மேல் பதிக்கின்றன. நேரத்துக்கும் பதிவுக்கும் வரம்பு விதிக்கின்றன. அவை மாதிரி பார்ப்பதற்கு உரியவை. தொடர்ந்து நடத்துவதற்கு உரியவை அல்ல.

2. இலவச மென்பொருள் கடினமானது என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஓபிஎஸ்ஸை முதன்முறை திறப்பவர் வெற்றுக் கருஞ்சதுரத்தையும் பல பெட்டிகளையும் கண்டு தயங்குவது இயல்பு. ஆனால் அதன் அடிப்படைக் கருத்துகள் இரண்டே: படமாகவோ ஒலியாகவோ உள்ளே வரும் ஒவ்வொன்றும் ஒரு மூலம்; சில மூலங்களின் தொகுப்பு ஒரு காட்சி. பாட்காஸ்டுக்குத் தேவையானவை, தொடங்கும் முன் காட்டும் அட்டை ஒரு காட்சி, உரையாடல் ஒரு காட்சி என்ற அளவில் நின்றுவிடும். பட அளவையும் வேகத்தையும் கணினிக்கும் இணைப்புக்கும் ஏற்பச் சோதித்துத் தானே அமைத்துத் தரும் வழிகாட்டி மென்பொருளுக்குள்ளேயே உண்டு. இந்த உழைப்பு ஒருமுறைக்குரியது. சந்தா ஒவ்வொரு மாதத்துக்கும் உரியது.

பழைய கணினி தாங்காது என்ற அச்சமும் மிகைப்படுத்தப்பட்டதே. விளையாட்டை ஒளிபரப்புபவரின் திரை நொடிதோறும் முழுவதுமாக மாறுகிறது. பாட்காஸ்டில் இரண்டு முகங்கள் அமர்ந்து பேசுகின்றன. அசைவு குறைந்த படத்தைச் சுருக்குவது எளிது. அன்றியும், கடந்த பத்தாண்டுகளில் விற்பனையான பெரும்பாலான மடிக்கணினிகளின் சில்லுகளில் குறியாக்கத்துக்கென்றே தனிப்பகுதி அமைந்திருக்கிறது. இன்டெல்லின் குயிக் சிங்க், என்விடியாவின் என்வென்க் என்பவை அத்தகையவை. ஓபிஎஸ் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தது. உலாவிக் கூடத்திலும் தொகுப்பாளரின் கணினி ஓய்வாக இருப்பதில்லை. தன் கேமராவின் படத்தைச் சுருக்கி அனுப்பவும், வந்துசேரும் ஒவ்வொரு விருந்தினரின் படத்தையும் விரித்துக் காட்டவும் அது உழைத்துக்கொண்டேதான் இருக்கிறது.

3. விருந்தினரை என்ன செய்வது? எதிர்த்தரப்பின் மிக வலிமையான வாதம் இதுவே என்பதால், இதை விரிவாக ஆராய வேண்டும்.

உலாவிக்குள் முகம் பார்த்துப் பேச வைக்கும் தொழில்நுட்பத்தின் பெயர் வெப்ஆர்டிசி. கூகுள் 2011-இல் இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில் இணையத்தின் தர அமைப்பான டபிள்யூ3சி இதை முழுத் தரமாக ஏற்றது. இதில் குரலைச் சுருக்கும் ஓபஸ் என்ற முறையும் 2012 முதல் உரிமத்தொகை இல்லாத பொதுத் தரம். ஆகவே சந்தாக் கூடங்கள் நிற்கும் அடித்தளமே யாவருக்கும் திறந்திருக்கும் ஒன்று. அதே அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் விடிஓ.நிஞ்ஜா, விருந்தினருக்கு ஓர் இணைப்பை அனுப்பி, அவருடைய படத்தையும் குரலையும் ஓபிஎஸ்ஸுக்குள் ‘உலாவி மூலம்’ என்ற மூல வகையாக நேரே கொண்டுவந்து சேர்க்கிறது. விருந்தினர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அவர் தம் குரலே தமக்குத் திரும்பக் கேளாமல் மற்றவர் குரலை மட்டும் கேட்க வேண்டும் என்ற பழைய வானொலிச் சிக்கலும், அந்தச் சேவையின் அறை வசதிக்குள் எல்லாரையும் அமர்த்தினால் தீர்ந்துவிடுகிறது. அனைவரும் ஹெட்போன் அணிந்தாக வேண்டும். இந்த விதி சந்தாக் கூடத்திலும் மாறுவதில்லை.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைக்கக் கூடாது. விடிஓ.நிஞ்ஜா பெரும்பாலும் சேவையகத்தின் தலையீடின்றி ஒருவர் கணினியை மற்றவர் கணினியோடு நேரே இணைக்கிறது. இருவர் பேசினால் ஒவ்வொருவரும் படமும் குரலும் சேர்ந்த ஓர் ஓட்டத்தை அனுப்பினால் போதும். நால்வர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினால் ஒவ்வொருவரும் மூன்று ஓட்டங்களை அனுப்ப வேண்டும். வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம் அங்கே திணறக்கூடும். அந்த நிலையில் ஜிட்சி மீட் என்ற கட்டற்ற மென்பொருள் கைகொடுக்கும். அது நடுவே ஒரு சேவையகத்தை வைத்து, ஒவ்வொருவரும் ஒரே ஓட்டத்தை அனுப்ப, அதை மற்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. எனவே வேறுபாடு இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் இடையில் இல்லை, நேரிணைப்புக்கும் சேவையக இணைப்புக்கும் இடையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்காத எந்த ஒப்பீடும் வாசகருக்குப் பயன்படாது.

குரலின் தரம் என்று வரும்போது வழக்கிலுள்ள கருத்து இன்னும் பலவீனமடைகிறது. உலாவிகள், பேச்சை மனத்தில் கொண்டு, எதிரொலியை நீக்கவும் இரைச்சலை அடக்கவும் குரலின் அளவைச் சீராக்கவும் தாமாகவே முனைகின்றன. பேச்சுக்கு அது நன்மை. ஆனால் கருநாடக இசைக் கலைஞர் ஒருவர் விருந்தினராக வந்து பாடிக்காட்டும்போது, இடைவிடாது ஒலிக்கும் தம்புராவின் சுருதியை மின்விசிறியின் இரைச்சலாகக் கருதி அந்த இரைச்சல் அடக்கி அழிக்க முற்படும்; மிருதங்கத்தின் தொப்பி நாதமும் தேய்ந்து வரும். இச்செயற்பாடுகளை ஒவ்வொன்றாக நிறுத்தும் உரிமை விடிஓ.நிஞ்ஜாவில் இணைப்பு முகவரியிலேயே அமைந்திருக்கிறது. சில சந்தாக் கூடங்களும் இத்தகைய பொத்தானைத் தருகின்றன என்பது உண்மை. இருந்தும், விலை கூடினால் ஒலி கூடும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் ஏதும் இல்லை. ஓபிஎஸ்ஸுக்குள் இரைச்சல் நீக்கி, ஒலிச் சுருக்கி, ஒலி வரம்பி ஆகிய வடிப்பான்கள் உள்ளன. ஆறு தனித்தனி ஒலித்தடங்களில் பதிவு செய்யவும் முடியும். தொகுப்பாளர் ஒரு தடத்திலும் விருந்தினர் இன்னொரு தடத்திலும் இருந்தால், ஒருவர் இருமியதை மற்றவர் பேச்சைக் கெடுக்காமல் பின்னர் நீக்கலாம். நேரலைக்குப் பிறகு ஒலிக்கோப்பாகவும் வெளியிட வேண்டிய பாட்காஸ்டருக்கு இதைவிட முக்கியமான வசதி வேறில்லை.

4. காசு கொடுத்தால் அறுபடாது என்பது எந்த அறிவியல்? நேரலை அறுபடுவது பெரும்பாலும் தொகுப்பாளர் வீட்டுக்கும் இணையத்துக்கும் இடையிலுள்ள வழியில்தான். அந்த வழியை எந்தச் சந்தாவும் அகலப்படுத்துவதில்லை. உலாவிக் கூடத்துக்கு இங்கே ஒரு நன்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: கூடம் தொலைவிலுள்ள சேவையகத்தில் இருப்பதால், தொகுப்பாளரின் இணைப்பு விழுந்தாலும் விருந்தினர்கள் பேசிக்கொண்டிருக்க, நிகழ்ச்சி தொடரலாம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஓபிஎஸ்ஸில் நேரலையும் பதிவும் வெவ்வேறு செயல்கள். இணையம் அடியோடு நின்றாலும் தொகுப்பாளரின் குரலும் கேமராவும் முழுத் தரத்தில் வட்டில் பதிவாகிக்கொண்டே இருக்கும். எம்கேவி வடிவத்தில் பதிந்தால் மின்சாரம் திடீரென்று போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். வழக்கமான எம்பி4 கோப்பு அவ்வாறு பாதியில் நின்றால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. மின்தடை புதுமையல்லாத ஊர்களில் நிகழ்ச்சி நடத்துவோர்க்கு இது பெரிய பாதுகாப்பு. இணைப்பு தளரும்போது தரத்தைத் தற்காலிகமாகக் குறைத்து அறுபடாமல் காக்கும் அமைப்பும் ஓபிஎஸ்ஸில் உண்டு. இவற்றோடு ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் கருவியும், வைஃபைக்குப் பதிலாக ஒரு கம்பி இணைப்பும் சேர்ந்தால், எந்தச் சந்தாவும் தராத உறுதி கிடைத்துவிடும்.

5. எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் தோன்றியாக வேண்டும் என்று விதித்தவர் யார்? நேரலையின் பயன் கேட்பவர் கேட்கும் கேள்விக்கு அங்கேயே விடை சொல்வதில் இருக்கிறது. ஐம்பது பேர் ஓரிடத்தில் கூடினால் உரையாடல் பிறக்கும். அவர்களை ஐந்து தளங்களுக்குப் பிரித்துவிட்டால் ஒருவர் கேள்வி மற்றவருக்குத் தானாகத் தெரிவதில்லை. பல தளங்களுக்கு ஒருசேர அனுப்பும் வசதி, பெரிய நேயர்கூட்டம் ஏற்கெனவே பல இடங்களில் சிதறிக் கிடக்கும் நிறுவனங்களுக்கு உரியது. பேஸ்புக் 2025 பிப்ரவரி முதல் புதிய நேரலைக் காணொளிகளை 30 நாள்களுக்குப் பின் நீக்கிவிடுகிறது என்பதையும் நினைவில் கொண்டால், தளங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிடச் சொந்த வட்டில் முழுப் பதிவை வைத்திருப்பதே முதன்மையானது என்பது தெளிவாகும்.

6. நிறுவனம் இருக்கும்வரைதானே வசதி? பேட்டிகளை நேரலையாக்கப் பலரும் நம்பியிருந்த ஹேங்கவுட்ஸ் ஆன் ஏர் 2019-இல் நிறுத்தப்பட்டது. பெரிஸ்கோப் என்ற நேரலைச் செயலி 2021 மார்ச்சில் மூடப்பட்டது. தொலைதூர நேர்காணலுக்குப் பாட்காஸ்டர்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே 5-இல் விடைபெற்றது. ஸ்ட்ரீம்யார்ட் 2021-இல் 25 கோடி டாலருக்கு ஹாப்பின் நிறுவனத்திடம் சென்றது. ஹாப்பின் தன் நிகழ்ச்சி மேலாண்மைத் தொழிலை 2023-இல் விற்றது. 2024-இல் ஸ்ட்ரீம்யார்ட் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனத்தின் உடைமையானது. இவற்றில் எந்த நிறுவனத்தின் மீதும் குற்றம் காண வேண்டியதில்லை; வாங்குவதும் விற்பதும் மூடுவதும் வணிகத்தின் இயல்பு. ஆனால் வாடகைக்காரரைக் கேட்டு வீட்டை விற்பவர் எவரும் இல்லை என்பதால், விலையும் விதியும் ஒரே இரவில் மாறும் இடத்தில் ஒரு நிகழ்ச்சியின் முழு நடைமுறையையும் கட்டிவைப்பது முன்யோசனை ஆகாது.

ஓபிஎஸ்ஸின் நிலை வேறு. அது ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. அதாவது மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமையோடு பரப்பலாம். அதை நடத்துபவர்கள் நாளை கைவிட்டாலும் வேறொருவர் தொடர முடியும். இது வெறும் கற்பனையல்ல: லாஜிடெக் 2019-இல் வாங்கிய ஸ்ட்ரீம்லேப்ஸின் கணினிச் செயலி ஓபிஎஸ்ஸின் நிரலைக் கொண்டே கட்டப்பட்டது; 2021 நவம்பரில் எழுந்த சர்ச்சைக்குப் பின்தான் அது தன் பெயரிலிருந்து ஓபிஎஸ் என்பதை நீக்கியது. கட்டணச் சந்தாவும் விற்கும் ஒரு நிறுவனம் தன் பொருளை எழுப்பத் தகுந்த உறுதி அந்த இலவச நிரலுக்கு இருந்தது என்றால், வாரம் ஒருமுறை பேசும் பாட்காஸ்டருக்கு அது போதாது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

7. இவையெல்லாவற்றுக்கும் அடியில் எவரும் கேள்வி கேட்காத ஓர் அனுமானம் கிடக்கிறது: நேரலை என்றால் காணொளி என்பது. பாட்காஸ்ட் காதுக்கு உரியதாகப் பிறந்தது. 720 கோட்டுத் தரத்தில் நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் காணொளி அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி செலவாகும், நாளுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் இருப்பவர் அந்த ஒரு மணி நேரத்தையே முடிக்க முடியாது. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒலியை மட்டும் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 எம்பி போதும். கேட்பவரின் செலவும் அதே அளவில் குறைகிறது; பேருந்தில் வருபவர், சமையலறையில் இருப்பவர், சிக்னல் குன்றிய சிற்றூரில் வாழ்பவர் ஆகியோரும் அறுபடாமல் கேட்கலாம். இதற்கென்றே ஐஸ்காஸ்ட் என்ற கட்டற்ற ஒலிபரப்புச் சேவையக மென்பொருளும், அதற்கு மைக்கிலிருந்து ஒலியை அனுப்பும் பட் என்ற எளிய இலவசச் செயலியும் நெடுங்காலமாக இருக்கின்றன. சேவையகத்துக்கு ஒரு சிறு வாடகை உண்டு என்றாலும், அந்தச் சேவையகம் எந்த நிறுவனத்திடமும் பெறத்தக்கது. ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு மாறத் தடையில்லை. விலை குறைந்த நேரலை மென்பொருள்களை வரிசைப்படுத்தும் அறிவுரைகளில் இவ்வழி அரிதாகவே இடம்பெறுகிறது என்பது அந்த அறிவுரைகளின் பெருங்குறை.

வாடகைக் கூடம் யாருக்கும் வேண்டாம் என்பது இந்த மறுப்பின் முடிவன்று. வாரந்தோறும் நான்கைந்து புதிய விருந்தினர்களை அழைப்பவர், ஒவ்வொருவரின் குரலும் அவரவர் கருவியிலேயே பதிவாகித் தானாக வந்துசேர வேண்டியவர், தொழில்நுட்பத்துக்கு ஆள் இல்லாத அறக்கட்டளை, நிகழ்ச்சியால் ஏற்கெனவே வருமானம் பெறுபவர் ஆகியோர் சந்தா கட்டுவதில் நியாயம் உண்டு. அவர்கள் தமக்கு என்ன தேவை என்பதை அறிந்து விலை கொடுக்கிறார்கள். தனியாகவோ ஒரு விருந்தினரோடோ பேசும் பெரும்பாலான பாட்காஸ்டர்களுக்கு இக்காரணங்களுள் எதுவும் பொருந்துவதில்லை.

ஆகவே தொடங்குவோர் முதலில் ஓபிஎஸ்ஸை நிறுவி, யூடியூபில் பட்டியலில் தோன்றாத நேரலை ஒன்றை ஒரு நண்பரோடு நடத்திப் பார்க்கட்டும். யூடியூபில் முதன்முறை நேரலையை இயக்க 24 மணி நேரம்வரை காத்திருக்க நேரிடும் என்பதால் அதை முந்தைய நாளே செய்துவைக்கட்டும். எது குறைகிறது என்று கண்டபின், அந்தக் குறைக்கு மட்டும் விலை கொடுக்கட்டும். ஏற்கெனவே கற்றுத் தேர்ந்தவர்கள் செய்ய வேண்டியது வேறு. ஓபிஎஸ் திட்டம் நன்கொடைகளாலும் நிறுவனங்களின் ஆதரவாலும் நடக்கிறது. அதன் இடைமுகத்தை உலக மொழிகளில் பெயர்க்கும் பணியைத் தன்னார்வலர்கள் கிரவுடின் தளத்தில் செய்துவருகிறார்கள். தமிழ்ப் பாட்காஸ்டர்கள் சந்தாவுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை அங்கே அனுப்பலாம். தாங்கள் கற்ற அமைப்புகளைத் தமிழில் கையேடாக எழுதி, அடுத்து வருபவருக்குக் கொடுக்கலாம்.